வசந்தா படித்த உயிரியல்

எரிகிற ஸ்பிரிட்டுக்கு ஒரு வாடை உண்டு. லேசான தித்திப்பும் அடித்தொண்டையில் ஒரு காரலுமாக, மூக்கில் ஏறினால் அது சீக்கிரம் இறங்காது. புதுக்கோட்டையில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்த நாங்கள் சிலர் முதன்முதலாக ஆய்வுக்கூடத்து நீள மேசையைச் சுற்றி நின்ற அன்று, ஞானம் டீச்சர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, அதில் சில சொட்டுத் திராட்சைச் சாற்றை விட்டுச் சூடுகாட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் சுட்ட செங்கல்லின் நிறத்துக்கு வந்தபோது மற்றப் பெண்கள் எல்லாரும் மேசைமேல் கவிழ்ந்து பார்த்தார்கள். எனக்கும் வசந்தாவுக்கும் மட்டும் அது பழைய வித்தை. தினமும் காலையில் பெரியப்பா வீட்டுக் கொல்லைப்புறத்துச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அதே மாதிரி விளக்கில், அதே நீலத்தில், அவளுடைய சிறுநீரை விட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். செங்கல் நிறம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். சர்க்கரை என்று சொல்ல வசந்தாவுக்குத் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாவாடை மடிப்பைச் சரிசெய்தாள்.

வசந்தா என் பெரியப்பாவின் இரண்டாவது மகள். அவளுக்கு மூத்தவள் கமலா அக்கா. கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் எங்களுடையவை. ஒன்றில் பெரியப்பா குடும்பம், மற்றதில் நாங்கள். பெரியப்பாவும் என் அப்பாவும் சேர்ந்து மளிகை மொத்தக் கடை வைத்திருந்தார்கள். எனக்கும் வசந்தாவுக்கும் சில மாதங்கள்தான் வித்தியாசம் என்பதால் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே நிறத்தில் ரிப்பன். அவள் என்னைவிட உயரம், என்னைவிடக் கேலி பேசுவாள், கணக்கில் மட்டும் என்னைப் பார்த்து எழுதுவாள்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடையில்தான் அவளுக்கு அந்தத் தாகம் வந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்த கையோடு கொல்லைக்கு ஓடினாள். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டும் கன்னம் ஒட்டிப்போய்க் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பெரியம்மா அதைக் "கண்ணேறு" என்றார், பிறகு "சூடு" என்றார். கொல்லையில் அவள் ஒதுங்குகிற தாழ்வாரத்து ஓரத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்ப்பதைப் பார்த்து முதலில் பயந்தது என் அம்மாதான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு டாக்டர், இது பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வியாதியைவிடக் கடுமையான வகை, வாழ்நாள் முழுக்கத் தினம் ஊசி போட வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் ஒரு கம்பவுண்டர் விடியற்காலையில் பின்சந்து வழியாக வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். தெருவில் யாரோ, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று விசாரித்த அன்றோடு பெரியப்பா அவரை நிறுத்தினார். அதன்பிறகு வசந்தா தானே தொடையில் குத்திக்கொள்ளப் பழகினாள். கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்கவைப்பது என் வேலை. மருந்துக் குப்பி ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் குளிர்ச்சியாகப் புதைந்திருக்கும். முதல் நாள் குத்திக்கொண்டபோது அவள் கண்ணில் நீர் நின்றது, ஆனாலும் என்னைப் பார்த்து, "நீ ஏண்டி கண்ணை மூடிக்கிற?" என்று கேட்டாள்.

இத்தனை மறைவும் கமலா அக்காவுக்காக. அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "பொண்ணு வீட்டுச் சங்கதி பூட்டுக்குள்ள இருக்கணும்" என்று பெரியம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சின்னவளுக்கு ஒரு சீக்கு என்றால் அது பெரியவளின் ரத்தத்திலும் இருக்கும், பெறப்போகிற பிள்ளைக்கும் வரும் என்றுதான் ஊர் பேசும் என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தில் நானும் அடக்கம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது; என் அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறேன் என்று பார்க்கத் தொடங்கியிருந்தார். நானும் என்னையே பார்த்துக்கொள்வேன். தாகம் எடுத்தால் உடனே குடிக்காமல், இது வெயில் தாகமா, வசந்தாவின் தாகமா என்று நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பத்தாம் வகுப்பு உயிரியல் இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன எங்களுக்கு வெறும் பாடமாக இல்லை. நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றி டீச்சர் நடத்திய அன்று, இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இலைபோலக் கிடப்பதையும், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இறங்காமல் அது காவல் காப்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினார். வசந்தா அந்தப் படத்தை இரண்டு முறை வரைந்தாள். திரும்பி வருகிற வழியில், வயிற்றின் இடதுபக்கம் கையை வைத்துக்கொண்டு, "இங்கிட்டுத்தானேடி? இத்தனை நாளா இது பேருகூடத் தெரியாமத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

சில வாரங்கள் கழித்துப் பட்டாணிப் பாடம் வந்தது. நெட்டைச் செடி, குட்டைச் செடி, முதல் தலைமுறையில் மறைந்த குணம் இரண்டாம் தலைமுறையில் வெளியே வருவது என்று கட்டம் கட்டமாகப் போட்டு டீச்சர் விளக்கினார். வகுப்பில் கேள்வி கேட்கிற வழக்கமே இல்லாத வசந்தா எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு வீட்டுல ஒருத்தருக்கு ஒரு சீக்கு இருந்தா, கூடப் பொறந்தவங்களுக்கும் கட்டாயம் வருமா?"

ஞானம் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிரிப்பதே அரிது. அன்று கையிலிருந்த சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். சில நோய்கள் அப்படி வரும், சில வராது. சில நோய்க்கு வழி மட்டும் இருக்கும், வந்தே தீரும் என்று இல்லை. மனிதர்கள் பட்டாணியைப்போல அவ்வளவு சுலபமாகக் கட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். சாயங்காலம் வசந்தா வாசல்படி ஏறியதும் ஏறாததுமாக அதைப் பெரியம்மாவிடம் ஒப்பித்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தை நிறுத்தாமலே, "ஒங்க டீச்சரா நம்ம கமலாவைப் பொண்ணு பாக்க வர்றாங்க?" என்று கேட்டார்.

தை மாதத்தில் அறந்தாங்கியிலிருந்து கமலா அக்காவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்து பேச்சு முடிந்தது. அதே மாதத்தில்தான் டீச்சர் எங்களை நார்த்தாமலைக்கு அழைத்துப் போனார். பாறைமேல் இருக்கிற சுனையில் எந்த உயிர் எதைத் தின்று வாழ்கிறது என்று நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது பாடம். பஸ் வழியில் நின்று கிளம்பத் தாமதமானதால், ஏறுவதற்குமுன் சாப்பிடலாம் என்றிருந்த கட்டுச்சோற்றை இறங்கிவந்து சாப்பிடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வசந்தா காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை எப்படி டீச்சரிடம் சொல்வது?

சுனையோரம் டீச்சர் குனிந்து, பாசியையும் அதைத் தின்னும் தலைப்பிரட்டையையும் தலைப்பிரட்டையைப் பிடிக்கும் தும்பிப்புழுவையும் காட்டி, இதில் ஒன்று குறைந்தாலும் மற்றதெல்லாம் ஆட்டங்கண்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் தோளைப் பிடித்திருந்த வசந்தாவின் கை வேர்வையில் வழுக்கியது. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண் எங்கேயோ நிலைத்து, "அக்கா கூப்புடுறா, நான் போறேன்" என்று சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு பாறையின் சரிவுப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். பெண்கள் பதறி விலகினார்கள். "மலையில என்னமோ புடிச்சிருச்சு" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். நான் அவளை இழுத்து மடியில் சாய்த்து, தாவணி முனையில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை வாயைத் திறந்து உள்ளே அடக்கினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திரும்பியது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் எழுந்து தாவணியைச் சரிசெய்துகொண்டாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. எல்லாரையும் அங்கேயே உட்காரச் சொல்லிப் பொட்டலங்களைப் பிரிக்கவைத்தார்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அறந்தாங்கியில் சொந்தம் இருந்தது. மாசி பிறந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார்கள். கூடத்தில் பாய் விரித்து, காப்பி கொடுத்து, மழை இல்லாததைப் பற்றியெல்லாம் பேசி முடித்தபிறகு அந்த அத்தை மெதுவாகத் தொடங்கினார்.

"சின்னவளுக்கு என்னமோ சீக்குன்னு காதுல விழுந்துச்சுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. நாங்க எடுக்கப்போறது பெரியவளைத்தான். ஆனா ரத்தம் ஒண்ணுதானேங்க?"

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள், உள்ளே என்னோடு கதவோரம் நின்றிருந்த வசந்தா லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அவர்கள் முன்னால் தட்டை வைத்து, அன்றைக்குப் பட்டினியாக வெயிலில் மலையேறியதில் மயக்கம் வந்தது, வேறொன்றும் இல்லை என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, தானும் ஒரு லட்டை எடுத்துக் கடித்தாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, "சாப்புடும்மா" என்று நீட்டினார். அவள் அதையும் தின்றாள். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். நிலைப்படியில் நின்ற கமலா அக்காவின் முகத்தை இன்றுவரை என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று அன்று சாயங்காலம் அக்கா சொன்னதாகவும், வசந்தாதான் சண்டை பிடித்து அந்தப் பேச்சை நிறுத்தியதாகவும் பிற்பாடு அம்மா சொல்லக் கேட்டேன். மறுநாள் காலையில் சோதனைக் குழாயில் நிறம் நல்ல செங்கல்லாக எழும்பியபோது வசந்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "வீடே கட்டலாம்டி" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விடுமுறை. முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்னாலிருந்தே இரண்டு வீடும் நிரம்பிவிட்டன. எங்கள் வீட்டை மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாகையாகக் கொடுத்திருந்தோம். பெரியப்பா வீட்டுச் சாமான் அறையில் தேங்காயும் காய்கறியும் குவிந்து, சமையல்காரர்கள் படுத்துக்கொண்டார்கள். அடுப்படியில் நாலு பேர் எப்போதும் நின்றார்கள். சிரிஞ்சைக் கொதிக்கவைக்கவும் கதவைச் சாத்திக்கொள்ளவும் இடமில்லை. கோயில் மண்டபத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, யாராவது பார்த்துவிடுவார்கள் என்றாள் வசந்தா. என் அம்மா பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்ணுக்கு ஊசி போடாமல் இருக்கலாமா என்று கேட்டார். பெரியம்மா வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளு பொறுத்துக்கடா. சோத்தைக் கொறைச்சுக்க. அக்கா வண்டியேறட்டும்" என்றார். அதில் கொடுமை எதுவும் இல்லை, ஒரு தாயின் கெஞ்சல்தான் இருந்தது. வசந்தாவும் தலையாட்டினாள்.

பட்டுப் பாவாடையும் தாவணியுமாக வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனமும் பூவும் கொடுத்தாள். இடையிடையே உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். முகூர்த்தத்தன்று காலையில் வாந்தி எடுத்தபோது கூடியிருந்தவர்கள் "பித்தம்" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். தாலி கட்டும்போது அவள் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். மத்தியானம் ஓர் ஓரமாகப் படுத்துவிட்டாள். மூச்சு நீள நீளமாக, ஓடி வந்தவளின் மூச்சைப்போல வந்தது. வாயில் அழுகிய பழத்தின் மணம். என் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளைத் தூக்கப்போனார். அவள் அவர் கையை விலக்கினாள்.

"கார் கெளம்பட்டும் சித்தப்பா. அவங்க பாத்துருவாங்க."

கமலா அக்காவை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக் கார் தெருமுனை திரும்பியபிறகுதான் வசந்தாவைக் குதிரை வண்டியில் கிடத்தினோம். தங்கை எங்கே என்று புறப்படும்போது அக்கா கேட்டதற்கு, களைத்துத் தூங்குகிறாள் என்று பதில் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஊசியை எதற்காக நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். பெரியப்பா சந்தனம் கலையாத கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். மறுநாள் உச்சிப்பொழுதில் வசந்தா போய்விட்டாள். வாசலில் கட்டிய வாழைமரம் அப்போதும் வாடவில்லை.

அறந்தாங்கிக்கு "வாந்திபேதி" என்று சொல்லியனுப்பினார்கள். புதுத்தாலி கழுத்தில் கிடக்க வந்திறங்கிய அக்கா அழவில்லை. நேரே பெரியம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்து, "ஊசி போட்டீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து வெகுகாலம் அக்கா பிறந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

அக்கா தன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது எங்களுக்குச் சில வருஷம் கழித்துத் தெரிந்தது. அதற்கு அவர் சொன்னாராம்: தன் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, திருச்சியில் ஒரு டாக்டரிடம் ரகசியமாக வைத்தியம் நடக்கிறது, சம்பந்தம் பேசும்போது அதை வெளியே விட வேண்டாம் என்று அத்தைதான் சொல்லியிருந்தார். ஒரு கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே சங்கதியை இரண்டு குடும்பமும் மறைத்திருக்கிறது; நடுவில் ஒரு பெண் லட்டுத் தின்றிருக்கிறாள்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தது. பதினோராம் வகுப்பில் எங்கள் பெஞ்சில் யாரும் வந்து உட்காரவில்லை. ஞானம் டீச்சர் வருகைப் பதிவின்போது வசந்தாவின் பெயருக்கு முன்னால் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். நான் பின்னாளில் உயிரியல் ஆசிரியையாகவே ஆனேன். எத்தனையோ வகுப்புகளுக்குப் பட்டாணிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கட்டங்களைப் போட்டு முடித்ததும் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். யாராவது எழுந்து கேட்பார்களோ என்று மனம் காத்திருக்கும். பெரும்பாலும் மணியடித்துவிடும்.

இன்று அந்த இரண்டு வீடும் இல்லை. சுவரை இடித்து ஒன்றாக்கி யாரோ கடைகள் கட்டிவிட்டார்கள். திருச்சி ஜில்லாவில் இருந்த எங்கள் ஊர் தனி மாவட்டமாகியும் காலம் ஓடிவிட்டது. சர்க்கரையைப் பற்றிய அந்தப் பழைய வெட்கமும் போய்விட்டது; ஒருவரையொருவர் பார்த்ததும் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்றுதான் விசாரித்துக்கொள்கிறார்கள். எனக்கும் வந்தது, கமலா அக்காவுக்கும் வந்தது, வயதான பிறகு, மெதுவாக. போன ஆவணியில் அக்காவின் பேத்திக்கு அறந்தாங்கியில் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, இலை போட்டதும், பேனா மாதிரி இருந்த ஊசியைப் பையிலிருந்து எடுத்து, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, சம்பந்தியம்மாளிடம் பேசிக்கொண்டே வயிற்றில் போட்டுக்கொண்டார். எதிர்வரிசையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு எழுந்து ஓரமாக உட்கார்ந்திருந்தபோது நான் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தேன். அக்காவுக்கு மூன்று பெண்கள், பேத்திகள் நிறைய. மாமியார் பெயர், நாத்தனார் பெயர், பெரியம்மாவின் பெயர்கூட அதில் யார் யாருக்கோ வைக்கப்பட்டிருந்தது. வசந்தா என்று ஒருவரும் இல்லை. ஏன் அக்கா என்று கேட்டேன்.

அக்கா மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வச்சா, கூப்புடணுமேடி."